சி.என்.சி. மெஷின் அச்சு (ஆக்சிஸ்) ஓட்டத் துல்லியம்: பட்டறைக்காரங்க கேள்வியும் பதிலும்

பேட்டையிலிருந்து: அண்ணாச்சி, அலுமினிய ஜாப் (மெஷின்ல வெட்டுற பாகம்), 500 மி.மீ. இடைவெளியில ரெண்டு துளை. எங்க பெரிய வெர்னியர்ல சரியா இருக்கு. கங்கைகொண்டான் சிப்காட்ல ஏசி ரூம்ல அளந்துட்டு 0.06 மி.மீ. குறையுதுன்னு திருப்பிட்டாங்க. டேபிளை நகர்த்துற பால் ஸ்க்ரூ போயிடுச்சா?

பதில்: ஸ்க்ரூவைத் தொடாதீங்க தம்பி. நீள அளவுக்கெல்லாம் அடிப்படை 20 டிகிரி. உங்க பட்டறையில மெஷினும் ஜாப்பும் 32ல இருக்குன்னு வைங்க. இரும்பு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) நீளும், அலுமினியம் 23. அரை மீட்டர், 12 டிகிரி: ஸ்க்ரூ 72 மைக்ரான் நீண்டிருக்கு, ஜாப் 138. ஏசியில ஆறினதும் ஜாப் 66 மைக்ரான் குறைச்சலாத்தான் நிக்கும். வெர்னியரும் இரும்பு, ஸ்க்ரூ கூடவே நீளுது. அதான் உங்களுக்குத் தப்பு தெரியலை. ஜாப் மேலயே வெப்பமானி வச்சுப் பார்த்து, அந்த வித்தியாசத்தை புரோகிராம்ல கூட்டுங்க. சுவர் வெப்பமானியை நம்ப வேண்டாம்.

வள்ளியூரிலிருந்து: எக்ஸ் அச்சுல பேக்லாஷ் (திசை திருப்பும்போது வர்ற ஆட்டம்) 0.04 மி.மீ. காட்டுது. ஃபேனக் கன்ட்ரோலர்ல பேக்லாஷ் திருத்த பாராமீட்டர் 1851ல எண் போட்டா முடிஞ்சுதா?

பதில்: முதல்ல எங்கே ஆடுதுன்னு பாருங்க. ஸ்க்ரூ முனையில இருக்கிற சென்டர் துளையில கிரீஸ் வச்சு ஒரு ஸ்டீல் பால் ஒட்டி, தட்டை முனை டயலை அதுல சாத்துங்க. இன்னொரு டயல் டேபிள்ல. ஹேண்ட்வீல்ல 0.01 படியா ஒரே திசையில கொஞ்சம் ஓட்டி, டயலைப் பூஜ்யமாக்கித் திருப்புங்க. திருப்பும்போது ஸ்க்ரூ முனை முன்னும் பின்னும் அசைஞ்சா தாங்கு பேரிங் அல்லது லாக்நட் தளர்வு. ஸ்க்ரூ அசையாம டேபிள் மட்டும் பிந்தினா நட் தேய்மானம். ரெண்டையும் சரிசெஞ்சு மிஞ்சுறதை மட்டும் 1851ல போடுங்க. ஏற்கெனவே அங்கே எண் இருந்தா, டயல்ல மிஞ்சுறதை அதோட கூட்டணும். பேரிங் தளர்வை எண்ணால மூடினா வெட்டு விசை வந்ததும் அச்சு நழுவும், பினிஷ் கெடும்.

செங்கோட்டையிலிருந்து: ஆனி, ஆடியில அச்சு ஓட்டத்தை அளக்கிற லேசர்ல எண் நிக்கவே மாட்டேங்குது.

பதில்: கணவாய்க் காத்துதான். கதிர்ப் பாதையில காத்து அலைஞ்சா அளவும் அலையும். ஷட்டரைச் சாத்துங்க, ஃபேனை நிறுத்துங்க, அச்சை ஓட்டி மெஷினைச் சூடாக்கின பிறகு அளங்க. காத்து 1 டிகிரி மாறினாலே மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரான் போகும். அதனால காத்துச் சென்சாரைக் கதிருக்குப் பக்கத்துலயும், உலோகச் சென்சாரை டேபிள்லயும் வைக்கணும். கதிர் மீட்டருக்கு 5 மி.மீ. சாய்ஞ்சா 12 மைக்ரான் குறைச்சுக் காட்டும்.

மேலப்பாளையத்திலிருந்து: பிட்ச் திருத்தம் (ஸ்க்ரூ நெடுக ஒவ்வொரு புள்ளியிலயும் வர்ற பிழைக்கான எண்) ஏத்தின பிறகு பிழை கடைசியில இன்னும் கூடுது.

பதில்: ஃபேனக் கேக்கிறது ஒவ்வொரு புள்ளிக்கும் முந்தின புள்ளிக்குமான வித்தியாசம். மொத்தப் பிழையை அப்படியே ஏத்தினா வரிசையா சேர்ந்துக்கிட்டே போகும். குறி பிளஸ்ஸா மைனஸான்னும் ஒரு தடவை பாருங்க. பழைய அட்டவணையைக் குறிச்சு வச்சுட்டு, பூஜ்யமாக்கி, ஹோம் எடுத்து, ரெண்டு திசையிலயும் ஐந்து ஓட்டம் அளந்து, ஏத்தினதும் திரும்ப அளங்க.

அம்பையிலிருந்து: பால்பார்ல (மெஷின் ஓட்டுற வட்டத்தைச் சோதிக்கிற கருவி) வட்டம் 45 டிகிரியில முட்டையா வருது.

பதில்: ஓட்டத் திசையை மாத்துங்க. முட்டை மறுபக்கம் சாய்ஞ்சா ரெண்டு அச்சோட சர்வோ கெயின் (மோட்டார் கட்டளைக்கு ஈடுகொடுக்கிற வேகம்) ஒண்ணுக்கொண்ணு பொருந்தலை. அப்படியே நின்னா அச்சுகளுக்குள்ள செங்கோணம் விலகியிருக்கு. மெஷின் லெவல் பார்த்துட்டுத்தான் மத்தது.