கத்தோலிக்கக் கோவில் பங்குல ஏழைகளுக்கு உதவுற தன்னார்வலர்களையும் ஊர்ப் பெரியவங்களையும் எப்படி கௌரவிக்கலாம்? சால்வை, ஷீல்டு தாண்டி வழி இருக்கா? மேடை ஏத்துறதே சரியா?

கேள்வியில ரெண்டு விஷயம் இருக்கு. ஏழைகளை வீடு தேடிப் போயி உதவுற வின்சென்ட் தே பவுல் சபையிலயும், தெரு வாரியா கூடுற அன்பியக் குழுவுலயும் ஓடி ஓடி வேலை பாக்குறவங்களை திருவிழாவுல எப்படி கௌரவிக்கலாம்னு ஒண்ணு, வலது கை செய்றது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்கப்போ இதெல்லாம் தேவையான்னு இன்னொண்ணு. நான் தூத்துக்குடி பக்கம், எங்க பங்குல வின்சென்ட் சபையில ரொம்ப வருஷமா இருக்கேன், கொஞ்ச காலம் செயலாளராவும் இருந்தேன், அதுல பாத்ததை வச்சு சொல்றேன்.

ரெண்டாவதை முதல்ல பேசிடுவோம். மத்தேயு 6ல ஆண்டவர் பேசுறது தர்மம் பண்றவன்கிட்ட, நீ தம்பட்டம் அடிக்காதேன்னு அவனுக்குத்தான் சொல்றாரு, பக்கத்துல நின்னு பாத்தவனை வாயை மூடிக்கோன்னு சொல்லல. திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க, எருசலேம்ல தினமும் பங்கிட்டுக் கொடுக்குறப்போ கிரேக்க மொழி பேசுற கைம்பெண்களை யாரும் கவனிக்கலன்னு முணுமுணுப்பு வருது, பந்தி வேலைக்குன்னே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து எல்லாருக்கும் முன்னாடி நிறுத்தி அவங்க மேல கை வச்சு ஜெபிக்கிறாங்க, ஸ்தேவான்ல ஆரம்பிச்சு அந்த ஏழு பேரு பேரும் வரிசையா எழுதியிருக்கு. 9ஆம் அதிகாரத்துல யோப்பாவுல தபித்தா இறந்து போனதும் பேதுரு வர்றாரு, அங்க இருந்த கைம்பெண்கள் அழுதுகிட்டே அந்தம்மா தைச்சுக் கொடுத்த உடுப்புகளை எடுத்து எடுத்துக் காட்டுறாங்க. உரோமையருக்கு பவுல் எழுதின கடிதத்துல கடைசி அதிகாரம் பெரும்பாலும் பேருதான், யார் யாரு பாடுபட்டாங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லி வாழ்த்து சொல்றாரு. அதனால நல்லது செஞ்சவங்க பேரை சபைக்கு நடுவுல சொல்றது நம்ம பழைய வழக்கம்தான், பயப்பட வேண்டாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சவங்க சிஸ்டர் ரோசலி ரெண்டு (Rosalie Rendu). பாரிஸ்ல மூஃப்தார்னு ஒரு பகுதி, அப்போ நகரத்துலயே ரொம்ப ஏழ்மையான இடம், அங்க பிறரன்புப் புதல்வியர் சபை சிஸ்டரா வாழ்நாள் பூரா வேலை பாத்தவங்க. 1833ல பிரடெரிக் ஓசானாம்னு 20 வயசு மாணவரும் அவரு கூட்டாளிகளும் சேர்ந்து நம்ம வின்சென்ட் சபையை ஆரம்பிச்சாங்கள்ல, ‘உங்க திருச்சபை இப்போ ஏழைகளுக்கு என்ன செய்யுது’ன்னு கூடப் படிச்சவங்க கேட்ட கேள்விக்குப் பதிலாத்தான் அது ஆரம்பிச்சது, அந்தப் பசங்களுக்கு எந்த வீட்டுக்குப் போகணும், போய் எப்படி உக்காரணும், எப்படிப் பேசணும்னு சொல்லிக் கொடுத்தது இந்த சிஸ்டர்தான். 1852ல பிரான்ஸ் அரசு அவங்களுக்கு லீஜியன் ஆஃப் ஆனர்ங்கிற அந்த நாட்டோட பெரிய விருதுச் சிலுவைப் பதக்கம் கொடுக்க முடிவு பண்ணுது. அவங்க வேண்டாம்னு மறுக்கத் தயாரா இருந்தாங்க, அவங்க சிஸ்டர் சபைக்குத் தலைவரா இருந்த ஃபாதர்தான் வாங்கிக்கச் சொன்னாரு, கீழ்ப்படிஞ்சு வாங்கிக்கிட்டாங்க. 1856ல இறந்துட்டாங்க. கல்லறையில என்ன எழுதியிருக்கு தெரியுமா, நன்றியுள்ள நண்பர்களான பணக்காரங்களும் ஏழைகளும் வச்சதுன்னு எழுதியிருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே கல்லுல நன்றி சொல்ற மாதிரி ஒரு வாழ்க்கை, அதுக்கு மேல என்ன கௌரவம் வேணும் சொல்லுங்க.

இப்போ முதல் கேள்விக்கு வர்றேன். நம்ம ஊர்ல கௌரவிப்புல கோளாறு வர்ற இடம் மேடை இல்ல, லிஸ்ட். திருவிழாவுக்கு முன்னாடி கமிட்டி உக்காந்து யாருக்கு சால்வைன்னு எழுதுறப்போ கையில இருக்கிறது ரசீது புக். யாரு அசனத்துக்கு, அதாவது திருவிழாப் பொது விருந்துக்கு, அரிசி மூட்டை கொடுத்தாங்க, யாரு தேருக்குப் பூ கொடுத்தாங்க, யாரு வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்புனாங்கன்னு அதுல இருக்கும். வாரா வாரம் படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பாக்கப் போறவங்களுக்கு யாரும் ரசீது போடுறது இல்ல, அதனால அவங்க பேரு லிஸ்ட்லயே வராது. யாரும் வேணும்னு ஒதுக்குறது இல்ல, ஆனா அப்படித்தான் ஆகுது. நான் போயிருந்த ஒரு பங்குல அசன விருந்துக்கு விடிய விடிய வெங்காயம் உரிச்ச பொம்பளைங்க ஒருத்தர் பேரும் மைக்ல வரல, பந்தியைத் தொடங்கி வச்சவரு பேரு மட்டும் ஏழெட்டு தடவை வந்துச்சு. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

அதனால நான் சொல்ற முதல் வேலை, ரசீது புக்கை மூடி வச்சுட்டு வின்சென்ட் சபையோட மினிட்ஸ் நோட்டை எடுங்க. வாரக் கூட்டத்துல யாரு யாரை சந்திச்சாங்க, என்ன தேவைன்னு செயலாளர் எழுதி வச்சிருப்பாரு, ரெண்டு ரெண்டு பேரா போறதுதான் நம்ம வழக்கம்ங்கிறதால ஜோடியாவே பேரு இருக்கும். ஒரு வருஷ நோட்டைப் புரட்டுனா யாரு விடாம போயிருக்காங்கன்னு பளிச்சுன்னு தெரியும், யாரு பேருக்கு சபையில இருக்காங்கன்னும் தெரியும். இது போக அன்பியத் தலைவிகள்கிட்ட தனித்தனியா கேளுங்க, உங்க தெருவுல யாருக்காவது உடம்பு சரியில்லன்னா முதல்ல யாரைக் கூப்பிடுவீங்கன்னு கேளுங்க. திரும்பத் திரும்ப ஒரே பேருதான் வரும்.

எங்க பங்குல அப்படி வந்த ஒரு அக்காவைப் பத்திச் சொல்றேன், பேரு வேண்டாம். உப்பளத்து வேலை, விடியறதுக்கு முன்னாடியே போயிடுவாங்க, வெயில் ஏறினதும் திரும்பி வந்து குளிச்சுட்டு நேரா ஒரு தாத்தா வீட்டுக்குப் போவாங்க, அவருக்கு ஒரு பக்கம் விழுந்து போச்சு, பாக்க ஆள் கிடையாது. நானும் அவங்களும் ஜோடியா போற வாரத்துல பாத்திருக்கேன், வெந்நீர்ல துணியை நனைச்சு அவரு கையை சுத்தி வச்சு, மடங்கிப் போன விரலை ஒவ்வொண்ணா மெதுவா பிரிச்சு, உள்ள அமுங்கியிருக்கிற நகத்தை வெட்டி விடுவாங்க. உப்புல வெடிச்ச கை அது, வெந்நீர் பட்டா அவங்களுக்கும் எரியும். அவரு வாய் கோணிப் பேசுறது எனக்குப் புரியாது, அக்கா பதில் சொல்லிக்கிட்டே வெட்டுவாங்க, என்ன தாத்தா இன்னைக்கு ரேடியோவுல என்ன பாட்டுன்னு. இதுக்கு எந்த நோட்டுல என்ன தொகை போடுவீங்க?

அந்த அக்காவை மேடைக்குக் கூப்பிட்டப்போ முதல்ல வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாங்க அவங்க வீட்டுக்காரரையும் மாமியாரையும் சேர்த்துக் கூப்பிட்டோம், ஏன்னா மதியம் பிள்ளைகளுக்கு சோறு போட்டது மாமியார், ராத்திரி கூட்டத்துக்கு சைக்கிள்ல கொண்டு வந்து விட்டது அண்ணன். ஒருத்தர் தன்னார்வலரா இருக்கணும்னா வீட்ல மத்தவங்க விட்டுக் கொடுக்கணும், அதை யாரும் பேசுறதே இல்ல. குடும்பமா நின்னு போட்டோ எடுத்தாங்க, அது அவங்க வீட்ல இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழ மாட்டியிருக்கு. வேண்டாம்னு சொன்னவங்கதான், ஆனா சந்தோஷப்பட்டாங்க. ஆளுங்களுக்கு இது தேவைங்க, நல்ல மனசுக்காரங்களுக்கும் தேவை.

மேடையில பேசுறப்போ ‘சமூக சேவகி’, ‘தன்னலமற்ற தொண்டர்’னு பட்டம் அடுக்காதீங்க, என்ன செஞ்சாங்கன்னு சொல்லுங்க. மூணு வரி போதும், ஆனா நடந்ததா இருக்கணும். யாருக்கு செஞ்சாங்கன்னு மட்டும் சொல்லவே கூடாது, வின்சென்ட் சபையில சந்திக்கிற குடும்பத்தோட விவரம் வெளிய போகக்கூடாதுங்கிறது ரொம்ப முக்கியமான ஒழுங்கு. உதவி வாங்குற பாட்டியை மேடையில நிறுத்தி அரிசிப் பையைப் பிடிக்க வச்சு போட்டோ எடுக்குறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. எங்க கூட்டம் முடியுறப்போ ஒரு துணிப்பை சுத்தி வரும், எல்லாரும் கையை உள்ள விட்டு எடுக்கணும், யாரு எவ்வளவு போட்டாங்கன்னு அடுத்தவங்களுக்குத் தெரியாது, அன்னைக்கு போட ஒண்ணும் இல்லாதவங்களும் கையை விட்டு எடுத்துடுவாங்க, யாரும் கூசிப் போக வேண்டியது இல்ல. போடுறவனுக்கே இவ்வளவு மரியாதை பாக்குற சபை, வாங்குறவங்க முகத்தை ஃப்ளெக்ஸ்ல போடலாமா?

இன்னொரு ஊர் வழக்கமும் சொல்றேன். இங்கிலாந்துல பெரிய வியாழன் அன்னைக்கு ராயல் மாண்டினு ஒரு சடங்கு நடக்கும், ராஜா ஒரு பேராலயத்துக்குப் போயி திருச்சபைக்கும் ஊருக்கும் உழைச்ச வயசானவங்களுக்கு ரெண்டு சின்னப் பை கொடுப்பாரு, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளை, வெள்ளைப் பையில அதுக்குன்னே அடிச்ச வெள்ளிக் காசு இருக்கும். ராஜாவுக்கு எத்தனை வயசோ அத்தனை ஆம்பளைங்க, அத்தனை பொம்பளைங்க, 2023ல யார்க்ல சார்லஸ் ராஜாவா முதல் தடவை கொடுத்தப்போ 74 பேரு, 74 பேரு. முன்னாடி அது ஏழைகளுக்குக் கொடுத்த தர்மம், இப்போ வயசான தொண்டர்களுக்கு மரியாதையா மாறிடுச்சு. காசுல போட்டிருக்கிற மதிப்புன்னு பாத்தா சில்லறைதான். எனக்கு அதுல பிடிச்சது, ஆம்பளை பொம்பளை சரிசமம்ங்கிறது, ஓடி ஆடி ஓய்ஞ்சு உக்காந்தவங்களை ஞாபகம் வச்சுக் கூப்பிடுறது. நம்ம லிஸ்ட்ல முழங்கால் வலியில வீட்டோட இருக்கிற பழைய தலைவர்கள் வர்றதே இல்ல. வர முடியலன்னா நற்கருணை கொண்டு போற அன்னைக்கு ஃபாதர் கூட நாலு பேரு போயி வீட்லயே சால்வை போடலாம்.

ஊர்ப் பெரியவங்க விஷயத்துல, பணம் கொடுத்தவரை விட நேரம் கொடுத்தவரைத் தேடுங்க. எங்க பக்கம் ஒரு அண்ணாச்சி இருக்காரு, நம்ம கோவில்காரர் கூட இல்ல, முதியோர் உதவித்தொகைக்கு ஆதார்ல பேரு ஒரு எழுத்து மாறிப்போச்சுன்னு அலையுற கிழவிகளை பைக்ல ஏத்திட்டு தாலுகா ஆபீஸுக்கும் இ-சேவைக்கும் போயி நின்னு முடிச்சுக் கொடுப்பாரு. அந்த உதவித்தொகையை 2023ல 1,200 ரூபாய் ஆக்குனாங்க, மாசா மாசம் வர்ற காசு, நாம வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்குற அஞ்சு கிலோ அரிசியை விடப் பெரிய உதவி. அவரை கிறிஸ்மஸ் விழாவுல கூப்பிட்டு மரியாதை செஞ்சோம். 2023 டிசம்பர் வெள்ளத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சே, அப்போ ஸ்ரீவைகுண்டத்துல சிக்கின செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்கு புதுக்குடி ஊர்க்காரங்க தங்களுக்கு இருந்ததை வச்சு ஆக்கிப் போட்டாங்க, என்ன சாதி என்ன மதம்னு யாரு பாத்தா? கோவில் தர்மத்துக்கு அண்டா கொடுக்குற பாய், கொள்முதல் விலைக்கே பருப்பு போடுற கடைக்காரர், இவங்க பேரும் லிஸ்ட்ல இருக்கட்டும்.

பரிசுன்னு பாத்தா ஷீல்டு வேண்டாம்னு சொல்ல மாட்டேன், சின்னதா ஒண்ணு கொடுங்க, பிள்ளைங்க பாக்கும். ஆனா கூடவே வேலைக்கு ஆகுற மாதிரி ஒண்ணு இருக்கணும். ராத்திரி போறவங்களுக்கு நல்ல டார்ச், மழைக்கோட்டு, பஸ் செலவு. நிறைய பேரு சொந்தக் காசுல பெட்ரோல் போட்டுதான் அலையுறாங்க, அதுல பாதிப் பேரு தினக்கூலி. பிரதமர் சுரக்ஷா பீமான்னு பேங்க்ல ஒரு திட்டம் இருக்கு, வருஷத்துக்கு 20 ரூபாய், 18ல இருந்து 70 வயசு வரைக்கும் 2 லட்சம் விபத்துக் காப்பீடு, ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஃபார்ம் வச்சு உக்காந்தா எல்லாரையும் சேர்த்துடலாம். எங்க சபையில அப்படித்தான் செஞ்சோம்.

எப்போ வைக்கலாம்னா, திருவிழா மேடை எனக்கு அவ்வளவா இஷ்டம் இல்ல, அங்க கூட்டமும் நன்கொடையாளர் வரிசையும் பெருசா இருக்கும், இவங்க அமுங்கிப் போவாங்க. செப்டம்பர் 27 வின்சென்ட் தே பவுல் திருநாள், அதை ஒட்டின ஞாயிறு பொருத்தமா இருக்கும். இல்லன்னா கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, அதை போப் பிரான்சிஸ் உலக வறியோர் நாள்னு அறிவிச்சாரு, 2017 நவம்பர் 19ல முதல்ல கொண்டாடுனாங்க. அன்னைக்கு பூசையில காணிக்கைப் பவனியில அப்பமும் ரசமும் கொண்டு வர்ற வேலையை இவங்களுக்குக் கொடுங்க, மன்றாட்டுல அந்த வருஷம் இறந்துபோன தொண்டர்கள் பேரைச் சொல்லுங்க, அறிவிப்பு நேரத்துல மூணு மூணு வரி வாசிங்க, முடிஞ்சுது. பேச்சாளர், சிறப்பு விருந்தினர் ஒண்ணும் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு, இதுதான் எனக்கு முக்கியம். இவங்கள்ல ரெண்டு பேரையாவது பங்குப் பேரவையில உக்கார வைங்க. பிறரன்புக் காணிக்கையை எதுக்கு செலவு பண்றதுன்னு முடிவு எடுக்குற இடத்துல, எந்த வீட்ல அடுப்பு எரியலன்னு தெரிஞ்சவங்க இருக்கணும். சால்வை போட்டு அனுப்பிட்டு முடிவை மட்டும் வேற ஆளுங்க எடுத்தா அடுத்த வருஷம் அவங்களே ஒதுங்கிடுவாங்க, நான் பாத்திருக்கேன். இதை ஃபாதர்கிட்ட திருவிழாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பேசிடுங்க, கொடி ஏறிட்டா அவருக்கு உக்காந்து கேக்க நேரம் இருக்காது.