வாசகர் கேள்வி பதில்: பாட்டு மட்டும் போடும் ஒரு ரொக் வானொலி

சென்ற இதழில் கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் போட்டிருந்தோம். நாலைந்து இளையவர்கள் சேர்ந்து இணைய வானொலி ஒன்று தொடங்கப் போகிறார்கள், அதில் ஓல்டர்நேட்டிவ் ரொக் மட்டும்தான் போகும், அறிவிப்பாளர் இல்லை, விளம்பரம் இல்லை, நாள் முழுக்கப் பாட்டு என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வன்னியின் நாலா பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த இதழின் பகுதியை முழுக்க அதற்கே கொடுக்கிறேன்.

அண்ணா, ஓல்டர்நேட்டிவ் ரொக் என்றால் எப்படி இருக்கும்? ரொக் என்றாலே கத்துகிற பாட்டு என்று வீட்டில் சொல்கிறார்கள்.
(உயர்தர மாணவி, மல்லாவி)

கத்துகிற பாட்டும் அதில் இருக்கிறது தங்கச்சி, முணுமுணுக்கிற பாட்டும் இருக்கிறது, பல நேரம் இரண்டும் ஒரே பாட்டுக்குள்ளேயே இருக்கும். 1980களில் அமெரிக்காவின் பெரிய வானொலிகள் திரும்பிப் பார்க்காத குழுக்களைப் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய சின்னச் சின்ன வானொலிகள்தான் ஒலிபரப்பின. ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில் 1980இல் தொடங்கிய ஆர்.இ.எம். அப்படி வளர்ந்த குழு. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் த ஸ்மித்ஸ் இருந்தார்கள். 1988 செப்டம்பரில் பில்போர்ட் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை இந்த வகைப் பாட்டுகளுக்கென்றே தனிப்பட்டியல் போடத் தொடங்கியது, 1991இல் நிர்வானா என்ற குழுவின் இரண்டாவது அல்பம் வந்தபிறகு உலகமே இந்தப் பக்கம் திரும்பியது.

ஒரு விஷயத்தை மட்டும் காதால் பிடித்துக்கொள்ளுங்கள். பொஸ்டனில் பிக்ஸீஸ் என்றொரு குழு. அவர்களுடைய பல பாட்டுகளில் சரணம் வரும்போது டிரம்ஸும் பேஸ் கிற்றாரும் மட்டும் மெதுவாக நடக்கும், பாடுகிறவர் பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பதுபோலப் பாடுவார், பல்லவி வந்ததும் கிற்றார்கள் எல்லாம் ஒன்றாகப் பாய்ந்து விழும். இதைப் பார்த்துத்தான் தானும் எழுதினேன் என்று நிர்வானாவின் பாடகர் கேர்ட் கோபேனே வெளிப்படையாகச் சொன்னார். அந்த அமைதி இல்லாவிட்டால் பின்னால் வரும் சத்தத்துக்கு வேலையே இல்லை. வீட்டில் உள்ளவர்களுக்கு முதலில் ரேடியோஹெட் என்ற குழுவின் மெதுவான பாட்டொன்றைப் போட்டுக் காட்டுங்கள், பிறகு கதையுங்கள்.

அறிவிப்பாளர் இல்லாத வானொலியை எப்படி வானொலி என்பது? மயில்வாகனனையும் அப்துல் ஹமீதையும் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது விளங்கவில்லை.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா)

ஐயா, உங்கள் கேள்வியில் இருக்கிற வருத்தம் எனக்கும் உண்டு. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் ஒரு பாட்டுக்கு முன்னால் வந்த அந்த ஒன்றிரண்டு வசனத்துக்காகவே றேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நாங்கள். பாடியவர் யார், எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று அவர்கள் சொல்லிச் சொல்லித்தான் தமிழ்நாட்டுக்காரருக்கே தெரியாத பெயர்கள் நமக்கு மனப்பாடமாயின.

வன்னியில் குரல் என்பதற்கு வேறு ஒரு கனமும் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடையாது, கரண்ட் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றிவர இருந்து பிபிசி தமிழோசை கேட்டோம், சுற்றுகிறவருக்குக் கை உளைந்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்து போகும், உடனே இன்னொருவர் கை மாற்றுவார். பழைய பற்றரிகளை வெயிலில் காயப்போட்டு இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியதும் அதே காலம்தான். அந்தக் கஷ்டத்தில் பாட்டுக் கேட்பதற்கென்று பெடல் சுற்றியவர்கள் குறைவு, செய்திக்கே கை போதாது. இன்றைக்கு அதே மண்ணில் பிள்ளைகள் பாட்டுக்கென்று மட்டும் ஒரு வானொலி தொடங்குகிறார்கள் என்றால் எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

சரி, பேச்சில்லாமல் நிற்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. இலண்டனில் ஓல்டர்நேட்டிவ் இசைக்கென்று 1997 செப்டம்பர் 1ஆம் திகதி முழுநேர ஒலிபரப்பைத் தொடங்கிய எக்ஸ்எஃப்எம் (இளவரசி டயானா இறந்ததற்கு மறுநாள், பாவம், கொண்டாட்டம் எல்லாம் அமுங்கிப்போயிற்று) 2007இல் பகல்நேர அறிவிப்பாளர்களை எடுத்துவிட்டு நேயர்கள் கேட்கிற பாட்டுகளையே வரிசையாகப் போட்டுப் பார்த்தது. அது நிலைக்கவில்லை, அறிவிப்பாளர்கள் திரும்பி வந்தார்கள். மற்றப் பக்கம், கலிபோர்னியாவில் ஒரு கணவனும் மனைவியுமாக 2000இல் தொடங்கிய ரேடியோ பரடைஸ் இணையத்தில் விளம்பரமே இல்லாமல், நேயர்கள் அனுப்பும் காசில், மிகக் குறைந்த பேச்சோடு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்பதை ஒரு மனிதர் இருந்து கேட்டுத் தீர்மானிக்கிறார். நான் பார்க்கிற வித்தியாசம் அதுதான். குரல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பக்கம் காது இருக்கிற ஒரு ஆள் இருக்கவேண்டும்.

அதோடு கிளிநொச்சிப் பிள்ளைகளிடம் ஒன்றை வற்புறுத்திக் கேட்கிறேன்: பேச்சு வேண்டாம், ஆனால் பெயர் வேண்டும். மூன்று பாட்டுக்கு ஒருமுறையாவது குழுவின் பெயரையும் பாட்டின் பெயரையும் தமிழில், ஒரு மனிதக் குரலில் சொல்லுங்கள். போன் திரையில் பெயர் ஓடும் என்று சொல்வீர்கள். ஏ9 வீதியில் லொறி ஓட்டிக்கொண்டு போகிறவர் திரையைப் பார்க்க முடியாது, தையல் மெசினில் இருக்கிற அக்காவும் பார்க்கமாட்டார். பெயர் தெரியாவிட்டால் பிடித்த பாட்டை அவர்கள் திரும்பத் தேடிப் போக வழியில்லை.

கொக்காவிலில் அவ்வளவு பெரிய கோபுரம் நிற்கிறதே, எஃப்.எம்மில் போட்டால் என்ன?
(மாங்குளம் வாசகர்)

ஆசை நல்ல ஆசைதான். போரில் 1990இல் அழிந்த கோபுரத்துக்குப் பதிலாக 2011இல் 174 மீற்றர் உயரத்தில் கட்டியது அது, எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவதால் நம்முடைய சமதரையான நிலத்தில் அந்த உயரத்துக்கு நல்ல வீச்சு கிடைக்கும். ஆனால் அலைவரிசைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் ஒதுக்கீடு வேண்டும், ஒலிபரப்பு அனுமதி வேண்டும், அதற்கு மேல் ஒலிபரப்புக் கருவிச் செலவு. அனுமதியில்லாமல் சின்னக் கருவி வைத்துத் தொடங்குவோம் என்ற யோசனை யாருக்கும் வந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது சட்டவிரோதம். இப்போதைக்கு இணையம் போதும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களும் கேட்கலாம், நமக்கு இரவு ஒன்பது மணி என்றால் ரொறன்ரோவில் வேலைக்குப் போன முற்பகல்.

டேட்டா எவ்வளவு போகும்? ரீலோட் போட்டுக் கட்டுப்படியாகுமா?
(கல்லூரி மாணவர், புதுக்குடியிருப்பு)

வினாடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் விட்டால் மணிக்கு 58 எம்பி அளவில் போகும். 64 கிலோபிட் ஏஏசி (ஒலியை இன்னும் சுருக்கி அனுப்புகிற முறை) என்றால் 29 எம்பி. வீடியோவில் பாட்டுப் பார்ப்பதைவிட எவ்வளவோ குறைவு. இரண்டு இணைப்பும் கொடுக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதுங்கள்.

எல்லாம் இங்கிலிஷ் பாட்டு. வன்னியில் யார் கேட்பார்கள்? தமிழில் இந்த வகை இருக்கிறதா?
(முள்ளியவளை வாசகி)

யார் கேட்பார்கள் என்ற கேள்வியை நான் ஒத்துக்கொள்ளவில்லை அக்கா. பின்னேரம் பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் வரும்போது போடுகிற மெட்டு பேத்தோவன் 1810இல் எழுதியது, அதைக் கேட்டு ஓடிவராத பிள்ளை நம் ஊரில் இல்லை. காதுக்கு மெட்டுப் பிடித்தால் பாஷை பிறகுதான்.

தமிழில் இருக்கிறதா என்றால், இருக்கிறது, நமக்கு வழியும் இருக்கிறது. 1960களின் கடைசியில் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் பாடத் தொடங்கினார், ஏ.ஈ. மனோகரன் அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனார். சினிமா இல்லாமல், வாத்தியக்காரர் பட்டாளம் இல்லாமல், ஒரு கிற்றாரும் ஒரு கதையும் வைத்துக்கொண்டு தமிழ்ப் பாட்டு ஊரெல்லாம் பரவ முடியும் என்று காட்டியவர்கள் இவர்கள். அந்தப் பொப் பாட்டுகளை இன்றைக்கும் கல்யாண வீட்டில் கேட்கிறோம், அதைத் தாண்டி அடுத்த அடி எடுத்துவைக்கத்தான் போர் விடவில்லை.

சென்னையில் நிறைய நடக்கிறது. 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராப்பையும் ரொக்கையும் ஒன்றாகச் சேர்த்து சாதியைப் பற்றி நேரடியாகப் பாடினார்கள். குரங்கன், ஊர்கா என்று வேறு குழுக்களும் உண்டு. பெங்களூரின் அகம் கர்நாடக இராகங்களை வைத்து ரொக் வாசிக்கிறார்கள். கொழும்பில் ஸ்டிக்மாட்டா மாதிரியான மெட்டல் குழு இருபது வருடத்துக்கும் மேலாக மேடையில் நிற்கிறது.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இங்கே இருக்கிறவர்கள். வன்னியில் ரொக் வாசிக்க ஆள் இல்லை என்று சொல்கிறவர்கள் கோயில் திருவிழா இரவில் இசைக்குழு மேடைக்குக் கிட்டப் போய் நின்று பார்க்கட்டும். ஒக்டோபாட் என்ற மின்னணு டிரம்ஸில் இரண்டு குச்சியால் அந்தப் போடு போடுகிற தம்பி, கீபோர்ட் பிள்ளை, பேஸ் கிற்றாரோடு பின்னால் ஒதுங்கி நின்று முழுப் பாட்டையும் தாங்குகிற ஒருவர். தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கிற்றார் வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் விடிய விடிய சினிமாப் பாட்டை அச்சுப் பிசகாமல் வாசிக்கிறார்கள், ஏனென்றால் அதைத்தான் கேட்கிறார்கள், அதற்குத்தான் காசு. சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டால் அதை ஒலிபரப்ப ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தால் எழுதுவார்கள். காத்தவராயன் கூத்தைக் கேட்டு வளர்ந்த காது அவர்களுடையது, உடுக்கு எங்கே ஏறவேண்டும், எங்கே அடங்கவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மணிக்கு இரண்டு தமிழ்ப் பாட்டு என்று வானொலிக்காரர் முதல் நாளிலேயே ஒரு கணக்கு வைத்தால் நல்லது.

பாட்டுகளை டவுன்லோட் பண்ணிப் போட்டால் பிரச்சினை வருமா?
(பெயர் வேண்டாம், மன்னார்)

வரும், வரவும் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே இருக்கிறது, பாட்டு எழுதினவருக்கும் பாடினவருக்கும் உரிமை இருக்கிறது. இணைய வானொலிகளுக்கு உரிமைக் கட்டணத்தையும் சேர்த்து மாதக் கட்டணம் வாங்குகிற சேவைகள் உண்டு, அவை எந்தெந்த நாட்டு நேயர்களுக்குச் செல்லும் என்று பார்த்துச் சேருங்கள். சுயாதீனக் குழுக்களுக்கு நேரே எழுதிக் கேளுங்கள், பலர் சந்தோசமாகத் தருவார்கள். அந்த அனுமதிக் கடிதங்களை ஒரு பைலில் போட்டு வையுங்கள்.

நாங்கள்தான் அந்தக் கடிதம் எழுதியவர்கள். மென்பொருளே பாட்டுகளைத் தெரிந்து போடுகிற மாதிரி வைத்திருக்கிறோம். தொடங்குவதற்கு முன்னால் என்ன கவனிக்கவேண்டும்?
(கிளிநொச்சி)

முதலில் வாழ்த்துகள் தம்பிமார்.

சேர்வரை, அதாவது பாட்டுகளை இணையத்துக்கு அனுப்புகிற கணினியை, வீட்டில் வைக்காதீர்கள். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். வாடகைக்கு எடுத்த சேர்வரில் பாட்டுகளை ஏற்றி ஐஸ்காஸ்ட் மாதிரி இலவச மென்பொருளில் விட்டால் உங்கள் வீடு இருண்டாலும் வானொலி ஓடும்.

பாட்டுகள் எத்தனை என்று பாருங்கள். ஒரு பாட்டு நாலு நிமிசம் என்றால் ஒரு நாளைக்கு 360 பாட்டு வேண்டும். ஆயிரம் பாட்டு வைத்திருந்தாலும் மூன்று நாளுக்குள் முடிந்து திரும்ப வரத் தொடங்கிவிடும். ஆகவே தொடங்கும் திகதியைக் கொஞ்சம் தள்ளிவைத்தாவது சேர்ப்பைப் பெருக்குங்கள்.

அடுத்தது நான் பயப்படுகிற இடம். மென்பொருள் ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததைக் கலக்கும், சத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் பாட்டு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். சினிமாப் பாட்டுக்கு அது சரிவரும். மேலே மல்லாவித் தங்கச்சிக்கு எழுதினேனே, மெதுவாக நடந்து பிறகு வெடிக்கிற பாட்டுகள், அவற்றில் நடுவில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு இடைவெளி வரும், மென்பொருள் அந்த இடத்தில் வெட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவும். கேட்கிறவருக்கு அந்தப் பாட்டின் உயிரே போய்விடும். ஒவ்வொரு பாட்டுக்கும் தொடக்கத்தையும் முடிவையும் நீங்களே காதால் கேட்டுக் குறித்து வையுங்கள், ஆயிரம் பாட்டுக்கும்தான், ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் செய்யலாம். சத்த அளவையும் அதே நேரம் சமப்படுத்துங்கள், 1980களின் பதிவுகள் தாழ்ந்து இருக்கும், 2000க்குப் பிறகு வந்தவை காதைப் பிய்க்கும்.

இரவு பத்து மணிக்குப் பிறகாவது வரிசையை நீங்களே போடுங்கள். இந்த இசையை ஆழ்ந்து கேட்கிறவர்கள் அந்த நேரத்தில்தான் வருவார்கள்.

முதல் பாட்டாக எதைப் போடவேண்டும் என்று நினைக்கிறீர்கள்?
(தர்மபுரம் வாசகர்)

அவுஸ்திரேலியாவில் இளையவர்களுக்கென்று 1975 ஜனவரி 19ஆம் திகதி சிட்னியில் தொடங்கிய டபிள் ஜே, இன்றைய டிரிப்பிள் ஜேயின் தாய் வானொலி, வர்த்தக வானொலிகள் போட மறுத்திருந்த ஒரு அவுஸ்திரேலியக் குழுவின் பாட்டைத்தான் முதலில் போட்டது. எங்கள் பிள்ளைகளின் பாட்டுக்கு இங்கே இடம் உண்டு என்பதை அந்த ஒரு பாட்டிலேயே சொல்லிவிட்டார்கள். கிளிநொச்சிக்காரரும் அப்படியே செய்யட்டும், பெரிய வெளிநாட்டுக் குழுக்கள் இரண்டாவதாக வரலாம். யாரிடமாவது சொந்தமாக எழுதி வாசித்த பாட்டு இருந்தால், போனில் பதிந்ததானாலும் சரி, இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள், அவர்களிடம் சேர்த்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் தரம் கெட்டுவிடும், மூலக் கோப்பாகவே அனுப்புங்கள், குழுவின் பெயரையும் வாசித்தவர்களின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.