சிப்பி திறக்கும் கைக்கு எதிரே

கேள்வி: பெருநகரத்தில் உயர்தரக் கடலுணவு ரெஸ்டாரண்ட் ஒன்றில், சமையல்காரருக்கு எதிரே கவுன்ட்டரில் உட்கார்ந்து சாப்பிட மகன் முன்பதிவு செய்திருக்கிறான். மேஜைதான் வசதி என்று எனக்குத் தோன்றுகிறது. சிப்பியை வேகவைக்காமல் பச்சையாகவே வேறு தருவார்களாம். என்ன செய்யட்டும்?

பதில்: தயங்காமல் கவுன்ட்டரிலேயே உட்காருங்கள். நான் முதன்முறை உட்கார்ந்தபோது, சாப்பாட்டை மறந்து சிப்பி திறக்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டையான, தடித்த கத்தி. அதன் நுனியை ஓட்டின் மூட்டில் வைத்து லேசாகத் திருகினார். 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் மேல் ஓட்டை ஒட்டினாற்போல் கத்தியை ஓட்டித் தசையை அறுத்தார். உள்ளே இருந்த நீர் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பாதி ருசி அந்த நீரில்தான், கொட்டிவிடாதீர்கள். "இன்றைக்கு எது நன்றாக வந்திருக்கிறது?" என்று அவரிடமே கேளுங்கள். மெனு கார்டைவிட அந்தப் பதில் உதவும்.

சரி, பச்சைச் சிப்பிக்கு வருவோம். கல்லீரல் நோய், சர்க்கரை நோய், எதிர்ப்பு சக்திக் குறைவு இருந்தால் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் அப்படித்தான். சிப்பியில் விப்ரியோ பாக்டீரியா இருக்கலாம். எலுமிச்சைச் சாறோ காரச் சாஸோ அதைக் கொல்லாது. வேகவைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், அதில் கூச்சம் எதற்கு?

பச்சை மீன் துண்டுகள் உறையவைத்தவை என்று சொன்னால் முகம் வாடாதீர்கள். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைத்தால் ஒட்டுண்ணிகள் செத்துவிடும். இறால், நண்டு ஒவ்வாமை இருந்தால் இப்போதே மகனிடம் சொல்லி ரெஸ்டாரண்டுக்குத் தெரிவித்துவிடுங்கள். அங்கே எல்லாவற்றையும் ஒரே பலகையில் நறுக்கக்கூடும்.