புளோரீனும் போத்தல் விளக்கும்

அன்புள்ள ஐயா,

யாழ். பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிக்கிறேன். புளோரீன் என்எம்ஆர் கொண்டு புரதங்களை ஆராய்வது பற்றி வகுப்பில் பேசவேண்டும். "புரதத்தில் புளோரீனே கிடையாதே, பிறகென்ன ஆராய்ச்சி?" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஐதரசனை விட இது எப்படி மேல்? என்எம்ஆருக்குத் தமிழ்ச் சொல் என்ன? பிழையிருந்தால் மன்னிக்கவும்.

ஒரு மாணவி, கொக்குவில்

அன்புள்ள பிள்ளை,

என்எம்ஆர் என்றே சொல்லும், வகுப்புக்கு விளங்கும். காந்தப்புலத்தில் வைத்த அணுக்கருக்கள் தரும் சைகைகளைக் கோடுகளாகக் காட்டும் முறை, அவ்வளவுதான். மன்னிப்பு எதற்கு? கேள்வி கேட்டதற்கா?

நண்பர்கள் சிரித்த இடத்திலேயே விடை இருக்கிறது. தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவு எண்ணெய் விட்டு, ஒரு திரி. அப்பம்மா அதை விறாந்தையில் வைப்பார். அப்பா வயல்வெளிக்கு அப்பால் சைக்கிளில் வரும்போதே அந்தப் பொட்டு வெளிச்சம் தெரியுமாம். இன்று அதே தெருவில் ஆயிரம் பல்ப் எரிகிறது. எங்கள் வீட்டு விளக்கு எதுவென்று எனக்கே தெரிவதில்லை.

ஐதரசன் அந்த ஆயிரம் பல்ப். புரதம் முழுக்க அதுதான், சுற்றியுள்ள தண்ணீரிலும் அதுதான். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். புளோரீன் அங்கே இல்லாததால்தான் நாம் வைத்தது மட்டும் தெரிகிறது. திரிப்டோபான் என்பது புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. புரதத்தைச் செய்யும் பக்டீரியாவுக்குப் புளோரீன் ஏற்றிய திரிப்டோபானை ஊட்டினால், மூன்று திரிப்டோபான் உள்ள புரதம் மூன்று கோடு காட்டும். மருந்தொன்று அதில் ஒரு திரிப்டோபானுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டினால் அதன் கோடு நகரும். இயற்கைப் புளோரீன் முழுவதும் புளோரீன்-19, என்எம்ஆரில் தெரியும் வகை. உணர்திறன் ஐதரசனில் 83 சதவீதம். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகரும்.

"எப்படி மேல்" என்று கேட்டீரே, அதற்குத்தான் கோபம் வருகிறது. இது பரீட்சைப் புத்தி. மேலும் இல்லை, கீழும் இல்லை. விளக்கு தான் நிற்கும் இடத்தைத்தான் காட்டும், வீடு முழுவதையும் அல்ல. புளோரீன் ஐதரசனை விடச் சற்றுப் பருத்தது; அதை நுழைத்தபின் புரதம் பழையபடி வேலை செய்கிறதா என்று பார்க்காமல் கோட்டை நம்பக்கூடாது. இதை வகுப்பில் இரண்டு தரம் சொல்லும். எங்கே வைத்தோம், வைத்ததால் என்ன மாறியது, இவ்வளவும் தெரியாமல் கோடு நகர்ந்தது என்று துள்ளுவதில் பயனில்லை.

ஒருநாள் மாடு கன்று போட்டதென்று அப்பம்மா விளக்கைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டார். அப்பா வழக்கம்போல வெளிச்சத்தைக் குறிவைத்து வந்து, சைக்கிளோடு எருக்கும்பியில் இறங்கினார்.