அம்மாவின் தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதில் தேன் விடலாமா?

கேள்வி: அம்மாவுக்குச் சீனி வருத்தம், குளிசை பாவிக்கிறார். கன்னியாப் பக்கமிருந்து வரும் தேன் வியாபாரி, "இது பழச்சீனி, இரத்தத்தில் ஏறாது" என்கிறார். தேத்தண்ணிக்கு விடலாமா? – வாசகி, நிலாவெளி

பதில்: வேண்டாம். தேனில் பழச்சீனி, அதாவது பிரக்டோஸ், ஏறக்குறைய 38 வீதம் இருப்பது உண்மைதான். கூடவே 31 வீதம் குளுக்கோஸும் இருக்கிறதே, அதை ஏன் அவர் சொல்லவில்லை?

இரண்டிலும் 6 காபன், 12 ஐதரசன், 6 ஒட்சிசன் அணுக்கள்தான். ஓர் ஒட்சிசன் இரட்டைப் பிணைப்போடு முதற் காபனில் நின்றால் குளுக்கோஸ், இரண்டாவதில் நின்றால் பிரக்டோஸ். இவை ஒவ்வொன்று சேர்ந்ததுதான் கடைச் சீனி. சிறுகுடலில் ஒரு நொதியம் அதைப் பிரித்துவிடும். ஆக, எதைப் போட்டாலும் உடம்புக்குள் போவது அதே சோடிதான். பனங்கட்டியும் கித்துள் பாணியும் பெரும்பாலும் இந்தச் சீனியே. போதாக்குறைக்குத் தேன் பாரம் கூடியது: ஒரு தேக்கரண்டித் தேனில் 5 கிராமுக்கு மேல் இனிப்பு, மட்டமாக அள்ளிய சீனியில் 4 கிராம்தான்.

"குடித்துவிட்டு மீட்டரில் பாருங்கள்" என்பார்கள். மீட்டர் குளுக்கோஸை மட்டுமே காட்டும். பிரக்டோஸ் ஈரலுக்குப் போகும், கூடினால் அங்கே கொழுப்பாக மாறும்.

அது தேன்தானா என்பது அடுத்த சந்தேகம். சீனிப்பாகில் தேசிக்காய்ப் புளி விட்டுக் காய்ச்சினால் அமிலம் சீனியை அதே குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைத்துவிடும். நிறமும் வாசமும் சேர்த்தால் 'காட்டுத் தேன்' தயார். எறும்பு மொய்க்காது, தீக்குச்சி எரியும் என்ற சோதனைகளை நம்பாதீர்கள். தேன் உறைந்தால் கலப்படம் என்பதும் தவறு. குளுக்கோஸ் நீரில் குறைவாகக் கரைவதால் நல்ல தேனும் உறையும்.

இதையெல்லாம் கிளினிக்கில் சொல்லியிருக்க வேண்டும். விடியப் போய் நம்பர் எடுத்து மத்தியானம் வரை இருந்தால் "சீனியைக் குறையுங்கோ" என்று ஒரு வரி. மென்பானத்தில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் 2016 முதல் சிவப்பு அடையாளம். பழைய சாராயப் போத்தலில் வரும் தேனுக்கு லேபலே கிடையாது!

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கவனமாக வாசியுங்கள். இன்சுலினோ சில குளிசைகளோ எடுப்பவருக்குக் குளுக்கோஸ் திடீரென்று இறங்கலாம். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம், மீட்டரில் 70 mg/dLக்குக் கீழ் என்றால் இனிப்பு உடனே வேண்டும்: 15 கிராம் குளுக்கோஸ் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். மாவு இல்லையென்றால் சீனித் தண்ணீர். ஆனால் அம்மா எடுப்பது அகார்போஸ் என்றால் சீனி சரிவராது, ஏனென்றால் சீனியைப் பிரிக்கும் நொதியத்தை அந்தக் குளிசை தடுக்கிறது. அப்போது குளுக்கோஸ்தான் வேண்டும். குளிசை உறையில் பெயரை இன்றைக்கே பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.