அப்பாவின் மறதியும் சிகரெட்டும்

தம்பி, பீரங்கிப் படையில் 22 வருடம் இருந்த அப்பா மாத்திரை போட்டதையே மறக்கிறார், சிகரெட்டை விட்டால் இன்னும் குழம்பிவிடுவாரோ என்று கேட்டிருந்தீர்கள். விட்ட முதல் சில வாரம் கவனம் சிதறும், எரிச்சல் வரும். அது நிகோட்டின் தவிப்பு, தணிந்துவிடும். மூளையின் ரத்தக் குழாய்களைக் கெடுப்பது புகைதான். லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வில் (2012) புகைக்கும் ஆண்களுக்குச் சிந்தனைத் திறன் வேகமாகச் சரிந்தது. விட்டுப் பத்து வருடமானவர்களுக்கு அப்படி இல்லை.

என் அப்பாவும் ராணுவம்தான். ராத்திரிக் காவலில் பழகிய பீடியை 61 வயதில் விட்டார், தீப்பெட்டி இருந்த சட்டைப்பையில் கிராம்பை வைத்துக்கொண்டு.

அப்புறம், காதையும் சோதியுங்கள். பீரங்கிச் சத்தத்தில் காது மங்கியவர் சொன்னதை மறந்தவர் போலவே தெரிவார். மறதிக்கு வேறு காரணம் உண்டா என்று அறிய, இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் வைட்டமின் பி12, தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள்.