செய்தி எழுத வைத்து மனித உரிமை கற்பிப்பது என்றால் என்ன?

மாணவரே நேரில் பார்த்து, நாலு பேரிடம் கேட்டு, சரிபார்த்து ஒரு செய்தி எழுதுகிறார். அந்த வேலையின் ஊடாகவே உரிமை என்றால் என்னவென்று புரிந்துகொள்கிறார். அவ்வளவுதான்.

சரி, ஏன் இப்படி? 1948-இல் ஐ.நா. ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 30 பிரிவுகள் உண்டு. மனப்பாடம் செய்தால் தேர்வோடு மறந்துபோகும். ஆனால் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துவைத்தால்? பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்வதை அவளே தேடிப் பிடிப்பாள். அப்புறம் மறக்கவே மாட்டாள். “கழிப்பறை மோசம்” என்பதை அடித்துவிட்டு, “திங்கள், புதன் இரண்டு நாளும் குழாயில் தண்ணீர் இல்லை” என்று திருத்தி எழுதுவாளே, அந்த இடம்தான் எனக்கு மிகப் பிடித்தது.

ரேஷன் அட்டைக்கு எத்தனை கிலோ என்று படிப்பது ஒன்று, தராசைப் பார்த்து வாங்குவது வேறு. அதுபோலத்தான் இதுவும்.

பிள்ளைகளைக் குறை சொல்லப் பழக்குகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, தலைமையாசிரியரின் பதிலையும் கேட்டுச் சேர்க்கும்வரை அந்தச் செய்தி முடிந்ததாகாது.